டயருக்கும் மட்காட்டுக்கும் நடுவே இரண்டு விரல்

எந்தக் காருக்கு எந்த டயர் பொருந்தும் என்பது இப்போது போனில் தட்டினால் வந்துவிடுகிறது. போன மாதம், இலங்கை மலையகத்து அட்டனில், நான் முப்பது வருடத்துக்கு மேல் வேலை செய்த டயர் கடைக்குப் போயிருந்தேன். உயரத்தைக் குறைத்து, அகலமான ரிம் மாட்டிய ஒரு காரைச் சுற்றி நின்றுகொண்டு, இப்போதுள்ளவர்கள் போனில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர், "இதெல்லாம் இல்லாம நீங்க எப்படிங்க சைஸ் பாத்தீங்க?" என்று கேட்டார். அளவெடுத்த விதத்தைச் சொன்னேன். அளவெடுக்காமல் விட்ட ஒரு நாளைப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன். ஞானஸ்நானப் பெயர் சவரிமுத்து, கடையில் சவரி. எழுபதுகளின் தொடக்கத்தில் மஹ்ரூப் நானாவின் கடையில் சேர்ந்தேன். நானா என்றால் முஸ்லிம்களிடையே அண்ணன். அப்போது டயர் இறக்குமதி ஏறக்குறைய நின்றுபோயிருந்தது. பொருத்தமான அளவைத் தேர்ந்தெடுப்பது என்ற பேச்சே கிடையாது. வெட்டுப்பட்ட டயருக்கு உள்ளே பழைய டயர்த் துண்டை வைத்து ஒட்டுவோம், தேய்ந்ததற்கு மேலே புது ரப்பர் ஏற்றுவோம், கிடைத்ததைப் போட்டு ஓட வைப்போம். ஐந்தாறு வருடம் அப்படிப் போனது. எழுபத்தேழுக்குப் பிறகு இறக்குமதிக்குக் கதவு திறந்தது. கொழும்பிலிருந்து ஜப்பான் டயர்கள் வந்தன. ஒரே ரிம்முக்கு நாலு விதமான அளவு. அப்போதுதான் டயரின் பக்கத்தில் எழுதியிருக்கும் எண்களை நான் சரியாக வாசிக்கக் கற்றேன்.

185/60 R13 என்று இருந்தால், 185 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம். 60 என்பது பக்கச்சுவரின் உயரம், அகலத்தில் நூற்றுக்கு அறுபது என்று அர்த்தம். 13 என்பது ரிம்மின் குறுக்களவு, அங்குலத்தில். இவ்வளவுதான். ஆனால் இது பாதிக் கணக்கு என்பார் மஹ்ரூப் நானா.

நானாவுக்கு அப்போது ஐம்பது வயதிருக்கும். மெலிந்த உடம்பு, எப்போதும் முழங்கைக்கு மேல் மடித்த வெள்ளைச் சட்டை. குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. யாரிடமும் 'முடியாது' என்று முதலில் சொல்லமாட்டார். காரின் முன்னால் நின்று இரண்டு கேள்வி கேட்பார்: "எத்தின பேர் ஏறுற? எந்த ரோட்டுல போற?" பதிலை வாங்கிக்கொண்ட பிறகுதான் டேப்பை எடுப்பார்.

பழைய டயரில் சோக்குக் கட்டியால் ஒரு கோடு போட்டு, காரை ஒரு சுற்று மட்டும் தள்ளி, தரையில் அது ஓடிய தூரத்தை அளப்பார். புது டயரும் ஏறக்குறைய அதே தூரம் ஓட வேண்டும். இல்லாவிட்டால் வேகமானி பொய் சொல்லும், கியர்க் கணக்கும் தப்பும். பிறகு ரிம்மின் அகலத்தை இரண்டு விளிம்புகளுக்கும் உள்ளே அளப்பார், வெளியே அல்ல. கடைசியில் மணல் மூட்டை. பழைய தேயிலைச் சாக்குகளில் ஆற்று மணலை நிரப்பி, ஒரு மூட்டை ஒரு ஆளின் பாரம் என்று கடைக்குப் பின்னால் அடுக்கி வைத்திருந்தார். ஆள் உட்காரும் இடமெல்லாம் மூட்டையை ஏற்றி, ஒரு பக்கச் சக்கரத்தைக் கட்டையின் மேல் ஏற்றி, சக்கரத்துக்கு மேலே வளைந்திருக்கும் மட்காட்டின் உள்விளிம்பில் துணிக்குப் போடும் நீலத்தைக் குழைத்துப் பூசுவார். பிறகு ஸ்டியரிங்கை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை திருப்பச் சொல்வார், காரை முன்னும் பின்னும் உருட்டச் சொல்வார். டயரில் நீலம் ஒட்டியிருந்தால் அந்த டயர் அந்தக் காருக்கு இல்லை.

கந்தப்பளையிலிருந்து ஒரு வாடகைக் கார்க்காரர் வந்தார். ஊரில் யாரோ அகலமான டயர் போட்டிருப்பதைப் பார்த்துவிட்டு, தன்னுடைய ஒடுங்கிய ரிம்மில் அதே டயரைப் போடச் சொன்னார். நானா மறுக்கவில்லை. ஒரு ரிம்மில் மட்டும் போட்டுக் காற்றடித்து, அவரையே தொட்டுப் பார்க்கச் சொன்னார். டயர் நடுவில் பிதுங்கிக்கொண்டு நின்றது. "இதுல பிள்ளைகள ஏத்திக்கிட்டு ஸ்கூலுக்குப் போவீங்களா?" என்று கேட்டார். கார்க்காரர் அதைக் கழற்றச் சொல்லிவிட்டு பழைய அளவையே வாங்கிப் போனார். எனக்கு அது வித்தைபோலத் தெரிந்தது. எப்படி அளப்பது என்பதை நான் பிடித்துக்கொண்டேன். எப்படிச் சொல்வது என்பதைப் பிடித்துக்கொள்ளவில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் றொசல்லப் பக்கத்துத் தோட்டமொன்றுக்கு ஒரு சின்னதுரை, அதாவது உதவி நிர்வாகி, வந்தார். பெயர் ருவன். இருபத்தாறு, இருபத்தேழு வயதுச் சிங்களப் பையன். இரண்டு பேர் மட்டும் உட்காரும், மேலே திறந்த பழைய ஆங்கில ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வைத்திருந்தார். தோட்டத்தில் அவருக்கு 'ரேஸ் தொரை' என்று பெயர். ஸ்பிரிங்கை மாற்றி காரைத் தரையோடு தரையாக இறக்கியிருந்தார். சித்திரை மாதம் நுவரெலியாவில் மலையேறும் கார்ப் போட்டிக்கு அதை ஓட்ட ஆசை. இங்கிலாந்திலிருந்த அண்ணன் ஆறு அங்குல அகலமுள்ள நாலு அலுமினிய ரிம் அனுப்பியிருந்தார். பழைய ரிம் நாலரை அங்குலம். புதியவை வெளிப்பக்கமாகவும் ஒரு அங்குலம் தள்ளி நின்றன.

நானா அரை நாள் அந்தக் காரை அளந்தார். பழைய டயரின் பக்கச்சுவர் நூற்றுப் பத்தொன்பது மில்லிமீட்டர். 205/60 போட்டால் நூற்று இருபத்து மூன்று. 185/60 போட்டால் நூற்றுப் பதினொன்று. "வெளிய தள்ளின ரிம்மு, கீழ எறங்கின காரு. அகலமும் கூடி ஒசரமும் கூடினா மட்காட்டுல போய்த்தான் நிக்கும். 185 எடுங்க தொரை. வேகமானி கொஞ்சம் கூடக் காட்டும், பரவாயில்ல" என்றார். துரை அரைமனதாகத் தலையாட்டினார். நானா கொழும்புக்குச் சொல்லி நாலு 185 எடுத்துவந்து டயர் அடுக்கும் தட்டில் வைத்தார்.

அடுத்த வாரம் கண்டியில் நானாவின் சாச்சா, அதாவது சித்தப்பா, மௌத்தாகிவிட, அடக்கத்துக்குப் போன அவர் மூன்று நாள் கடையில் இல்லை. இரண்டாம் நாள் துரை வந்தார். காரின் பின்னால் நாலு புது டயர் கட்டியிருந்தார். 205/60. கொழும்பில் தானே வாங்கியிருந்தார்.

"சவரி, இதப் போடுவோம். போட்டிக்கு இன்னும் ஆறு நாள்தான் இருக்கு."

"நானா 185 சொன்னாருங்க."

"நானா பழைய ஆள். நீங்கதானே இங்க எக்ஸ்பெர்ட்." தோளில் கை வைத்துச் சிரித்தார்.

இதை நேர்மையாக எழுத வேண்டும். என் அப்பா துரைமார் வந்தால் தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றவர். நான் தோட்டத்தை விட்டு வந்து பத்து வருடமாகியும் துரை என்றால் எனக்குள் ஏதோ ஒன்று குனிந்துகொள்ளும். அந்தத் துரை என் தோளில் கை வைத்து, என்னை எக்ஸ்பெர்ட் என்கிறார். பயமும் பெருமையும் ஒன்றாகச் சேர்ந்தால் மனுசன் எதையும் செய்வான்.

போட்டேன். வெளியே மழை. மணல் மூட்டைகள் நனைந்து கிடந்தன. தூக்குவதற்கு இன்னொரு ஆளும் இல்லை. நானே காரில் ஏறி உட்கார்ந்து பார்த்தேன். இறங்கிப் பின்பக்கத்தை இரண்டு கையாலும் அமுக்கிப் பார்த்தேன். டயருக்கும் மட்காட்டுக்கும் நடுவே இரண்டு விரல் போனது. போதும் என்றேன். துரை என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார். செய்த வேலையைக் கடைக் கொப்பியில் எழுதி வைத்தேன்: 205/60, பின்னால் இரண்டு விரல்.

நானா திரும்பி வந்து கொப்பியை வாசித்தார்.

"ரெண்டு விரல். காருக்கு உள்ளுக்கு யாரு இருந்த?"

"நான்தான் நானா."

"தனியா?"

"ஆமா."

கொப்பியை மூடி வைத்தார். "இப்பவே தோட்டத்துக்குப் போன் எடுங்க. காரை உடன கொண்டுவரச் சொல்லுங்க. அதுவரைக்கும் பக்கத்துல ஆள் ஏத்த வேணாம்னு சொல்லுங்க. அத முக்கியமாச் சொல்லுங்க" என்றார்.

எடுத்தேன். அந்தக் காலத்தில் தோட்டத்து ஆபீசான கந்தோருக்கு லைன் கிடைப்பதே பெரிய பாடு. கிடைத்தது. துரையே பேசினார். சந்தோசமாக இருந்தார், கார் தரையைப் பிடித்துக்கொண்டு போகிறது என்றார். நான் சொன்ன வார்த்தை இன்றைக்கும் அப்படியே ஞாபகம் இருக்கிறது.

"நேரம் கெடைக்கிறப்ப ஒருவாட்டி கொண்டாங்க தொரை. சும்மா ஒரு செக் பண்ணணும்."

"ஹரி, ஹரி" என்று சிங்களத்தில் சரி சொன்னார். "போட்டி முடிஞ்சு வாறேன்."

நானா கடை வாசலில் ஒரு லொறிக்காரரோடு பேசிக்கொண்டிருந்தார். "சொன்னீங்களா?" என்று கேட்டார். "சொன்னேன்" என்றேன்.

மூன்று நாள் கழித்து, காலையில் தோட்டத்து டிராக்டர் அந்தக் காரை இழுத்துக்கொண்டு வந்தது. பின்பக்கம் இடதுபுற ரிம் வளைந்திருந்தது. டயர் கிழிந்து தொங்கியது. டிராக்டர் ஓட்டிவந்தவர் எல்லாவற்றையும் சொன்னார்.

முந்தின நாள் மத்தியானம் மூன்று மணிக்கு மேல். மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த லெட்சுமி என்ற பெண்ணுக்கு, பிள்ளை பிறக்க இன்னும் நாள் இருக்கும்போதே வலி வந்துவிட்டது. பிள்ளை குறுக்கே கிடக்கிறது, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று தோட்டத்து மருத்துவச்சி சொல்லியிருக்கிறார். தோட்டத்து லொறி தேயிலைப் பெட்டி ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போயிருந்தது. ரேஸ் துரை யோசிக்கவில்லை. லெட்சுமியைத் தன் பக்கத்தில் சாய்த்து உட்கார வைத்து, மருத்துவச்சியைப் பின்னால் சாமான் வைக்கும் இடத்தில் ஏற்றிக்கொண்டு அட்டனுக்குப் புறப்பட்டார். மழை, மூடுபனி. றொசல்ல தாண்டி ஒரு வளைவில் பின் டயர் வெடித்தது. கார் சறுக்கி ரோட்டோரத் தண்ணிக் கானுக்குள் இறங்கிக் கல்லில் மோதி நின்றது. யாருக்கும் அடியில்லை. ஆனால் ரிம் வளைந்துவிட்டதால் அந்தக் கார் நகராது. துரை லெட்சுமியை இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு மழையில் மேட்டில் நடந்தார். முக்கால் மணி நேரத்துக்குப் பிறகுதான் வேறு தோட்டத்துக் கொழுந்து லொறி ஒன்று வந்தது.

லெட்சுமி பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை. ஆண் பிள்ளை. நேரத்தோடு வந்திருந்தால் பிழைத்திருக்குமா என்று கேட்டதற்கு, அதை யாராலும் சொல்ல முடியாது என்று டொக்டர் சொன்னாராம்.

டிராக்டர்க்காரர் போன பிறகு நானா டயரின் அருகே குந்தி உட்கார்ந்தார். டயரின் வெளித்தோளில், சுற்றிவர, கத்தியால் கீறியதுபோல் ஒரு வெட்டு. மட்காட்டின் விளிம்பு ரப்பர் படிந்து கறுத்திருந்தது. அவர் எழுந்து கடைக்குப் பின்பக்கம் போனார். மணல் மூட்டையைத் தூக்க ஆரம்பித்தார். நானும் போய்த் தூக்கினேன். வளைந்த ரிம்மைக் கழற்றிவிட்டு முன் சக்கரத்தைப் பின்னாலும் ஸ்பேரை முன்னாலும் மாட்டினோம். நீலத்தைப் பூசினோம். ஒரு மூட்டை வைத்தோம், ஒட்டவில்லை. இரண்டாவது வைத்துக் காரை உருட்டினோம். டயரில் மெல்லிய நீலக் கோடு. மூன்றாவதையும் ஏற்றினோம். மட்காட் டயரின் மேலேயே உட்கார்ந்துவிட்டது. பிறகு தட்டிலிருந்த 185 ஒன்றை அதே ரிம்மில் போட்டு, அதே மூன்று மூட்டையோடு உருட்டினோம். நீலம் ஒட்டவில்லை. ஒரு விரல் நுழைந்தது.

நானா கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"போன்ல என்ன சொன்னீங்க சவரி?"

"சும்மா ஒரு செக் பண்ணணும்னு சொன்னேன்."

"சும்மா?"

ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். உள்ளே போய்த் தொழுதுவிட்டு வந்து, "நீங்க போட்டது என்ட கடையில. ரெண்டு பேரும் போய் அந்தப் புள்ளட தாய் தகப்பனப் பாப்போம். நாயித்துக்கிழம போவோம்" என்றார்.

ஞாயிறுவரை என்னால் பொறுக்க முடியவில்லை. மறுநாள் சனிக்கிழமை, அவரிடம் சொல்லாமல் காலை ரயிலேறி றொசல்லயில் இறங்கித் தோட்டத்துக்கு நடந்தேன்.

லெட்சுமியின் புருசன் பெருமாள், தேயிலைத் தொழிற்சாலையான ஸ்டோரில் உருளை மெசினில் வேலை செய்பவர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்து வாசலில் நின்றுகொண்டு, நான் யார் என்று சொன்னேன். அந்த டயரைப் போட்டது நான் என்றும், போட்டிருக்கக் கூடாது என்றும் சொன்னேன். அடிப்பார் என்று எதிர்பார்த்தேன்.

"எப்படிப் போட்டிருக்கணும்?" என்று கேட்டார்.

"என்னங்க?"

"சரியாப் பாத்திருந்தா எப்படிப் பாத்திருக்கணும்னு கேக்குறேன். எனக்கு வெளங்கணும்."

குந்தி உட்கார்ந்து, கரித்துண்டால் சிமெந்துத் தரையில் வட்டம் போட்டுக் காட்டினேன். ரிம், டயர், மட்காட், பாரம் ஏறினால் எவ்வளவு இறங்கும் என்று எல்லாம். மெசினோடு பழகியவர், ஒரு தடவையிலேயே பிடித்துக்கொண்டார். "ரெண்டு பேருக்கு மேல ஏறினா அறுக்கும். அப்படித்தானே?" என்றார். ஆமாம் என்றேன். பிறகு டெலிபோனில் சொன்னதையும் சொன்னேன். அதைச் சொல்லத்தான் வந்திருந்தேன்.

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது.

அன்று காலைதான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து உள்ளே படுத்திருந்த லெட்சுமியின் குரல் கேட்டது. மெலிந்த குரல்.

"இத தொரைகிட்ட சொன்னீங்களா?"

"இல்லைங்க."

"அவருகிட்டப் போயிச் சொல்லுங்க. மழையில என்னத் தூக்கிக்கிட்டுப் போகயில, தான் வேகமா ஓட்டுனதாலதான் இப்படியாச்சுன்னு சொல்லிச் சொல்லி அழுதாரு. இன்னும் அப்படித்தான் நெனச்சிக்கிட்டு இருப்பாரு."

பெருமாள் திரும்பாமலே, "போங்க" என்றார். "இப்பவே போங்க."

சின்னதுரை பங்களா மேட்டின் மேல். ஏறும்போது இரண்டு தடவை நின்றேன். மூச்சுக்காக மட்டுமல்ல. சமையற்காரர் என்னைப் பின்கதவுக்கு வரச் சொன்னார். துரை முன்படியிலேயே உட்கார்ந்திருந்தார். முகம் சவரம் செய்யாமல் இருந்தது.

"கார் கதை பேச வந்தீங்களா? வேணாம் சவரி. அத வித்துருங்க" என்றார். பிறகு தானாகவே பேச ஆரம்பித்தார். "அந்த வளைவுல செகண்ட் கியர்ல வந்திருக்கணும். நான் தேர்ட்ல வந்தேன். ரோடும் ஈரம். எனக்குத் தெரியும். தெரிஞ்சும் வந்தேன்."

"கியர்ல ஒண்ணுமில்லைங்க தொரை." என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. "மூணு பேர் பாரம் ஏறினதும் மட்காட் டயர அறுக்க ஆரம்பிச்சிருச்சு. நீங்க நடக்குற வேகத்துல போயிருந்தாலும் அறுத்திருக்கும். நேத்து மூட்டை வச்சுப் பாத்தோம். நான் அத டயர் போடுற அன்னிக்கே பாத்திருக்கணும். பாக்கல."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"போன்ல சும்மான்னுதானே சொன்னீங்க?"

"நானா சொல்லச் சொன்னது அது இல்லைங்க. ஆள் ஏத்தாதீங்கன்னு சொல்லச் சொன்னாரு. உங்ககிட்ட அப்படிச் சொல்ல எனக்குப் பயமா இருந்துச்சு."

அவர் எழுந்து நின்று சிங்களத்தில் கத்தினார். எல்லாம் எனக்கு விளங்கியது. அதில் ஒரு வார்த்தையும் தப்பில்லை. கத்தி முடித்ததும் படியில் விழுந்தாற்போல் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். நான் நின்றுகொண்டே இருந்தேன்.

கைகளுக்குள்ளிருந்தே அவர் கேட்டார்.

"அவங்களுக்கு இது தெரியுமா?"

"தெரியும் தொரை. அவங்ககிட்டதான் மொதல்ல போனேன்."

"என்ன சொன்னாங்க?"

"அவங்கதாங்க என்னை இங்க அனுப்புனாங்க. நீங்க உங்க மேல பழியப் போட்டுக்கிட்டு இருப்பீங்கன்னு."

அவர் கையை எடுத்தார். பங்களாவுக்குக் கீழே, தேயிலைக்கு நடுவே தெரிந்த லயத்துத் தகரக் கூரைகளைப் பார்த்தார். இந்த இரண்டு நாளில் ஒரு தடவைகூட அவர் அந்தப் பக்கம் இறங்கவில்லை என்று சமையற்காரர் பிறகு சொன்னார்.

உள்ளே போய்க் காலில் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வந்தார். "வாங்க, லயத்துக்குப் போவோம்" என்றார். பங்களாப் பாதையில் அவர் முன்னால் இறங்கினார். நான் பழக்கப்படி பத்தடி பின்னால் நடந்தேன். முதல் திருப்பத்தில் அவர் நின்றார். நான் பக்கத்தில் வரும்வரை நின்றுவிட்டு, பிறகு நடந்தார்.